மறு: 'வசதிக் கட்டணம்' வேண்டாம், 'உந்துகையூட்டு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கேரள எல்லையோரம், கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபவுண்டரியில் கணக்கு எழுதுகிறேன். டிரைவர்கள், ஸ்டோர் ஆட்கள் பலரும் தமிழ் படிப்பவர்கள் என்பதால், நிறுவனத்தின் நடத்தைக் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

அதில் ஆங்கிலத்தின் 'facilitation payment' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நமக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதுதான். அது தாமதமில்லாமல் கிடைக்க அரசு ஊழியருக்குச் சின்னதாக ஒரு தொகை. இதற்கு 'வசதிக் கட்டணம்' என்று நம் குழுவில் முன்மொழிந்திருந்தார்கள். கட்டணம் என்றால் ரசீது உண்டு. பாஸ்போர்ட்டுக்குத் தட்கலில் கட்டுவதும் விரைவுக்கான கட்டணம்தானே? அந்தச் சொல் இதற்கும் வந்தால் குற்றமே தெரியாது.

பல வருடங்களாக, எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோதெல்லாம் டிரைவர் அங்கே கொடுத்த பணத்தை நான் 'பேட்டா' என்றே எழுதினேன். ஒரு தணிக்கையில் அதைத் தனித் தலைப்பில் பிரிக்கச் சொன்னார்கள். வருடத் தொகையைப் பார்த்த அன்றுதான் முதலாளி நிறுத்தச் சொன்னார். பேட்டாவுக்குள் கிடந்தவரை அது அவர் கண்ணில் படவே இல்லை. நிறுத்திய பிறகு சில லோடுகள் தாமதமாயின. தாங்கிக்கொண்டோம்.

வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகைத் தொகைக்கு விலக்கு தருகிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தரவில்லை. நம் ஊழல் தடுப்புச் சட்டத்திலும் விலக்கு இல்லை. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும், தடுப்பதற்குப் போதிய ஏற்பாடு வைத்திருந்ததாகக் காட்டினாலொழிய.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் சாதாரணமாகக் 'கைக்கூலி' என்பார்கள். மலையாளத்தில் லஞ்சத்துக்கு அதுதான் சொல். ஆனால் வாளையாறு தாண்டிக் கோவைக்குப் போனால் அது யாருக்கோ அடியாளாக இருப்பவனைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம்கள் சிலரிடம் வரதட்சணையைக் குறிக்கும். நல்ல சொல்தான், மனமில்லாமல் விடுகிறேன். 'மாமூல்' வாராவாரம், மாதாமாதம் போவது; ஒரு கோப்புக்கு ஒரு தடவை கொடுப்பதை அது சுட்டாது.

என் முன்மொழிவு 'உந்துகையூட்டு'. உந்துவிசை போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. நின்றதை நகர்த்துவது என்ற பொருள் முன்னால், கையூட்டு என்ற உண்மை பின்னால். ஒரு நண்பர் 'உந்துதொகை' போதும், மென்மையாக இருக்கும் என்றார். அந்த மென்மைதான் எனக்கு வேண்டாம். வவுச்சரில் இந்தச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

டிரைவர்கள் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கு உடனே புரிந்தது. மற்றவர் 'தள்ளுகாசு' என்றே போடலாமே என்றார். அடைப்புக்குறிக்குள் அதையும் சேர்க்கலாமா? கையேடு அச்சுக்குப் போகும் முன் உங்கள் கருத்தை எழுதுங்கள்.