புதுப்பிப்பு: பையனின் வைட்டமின் டி ஏன் குறைந்தது?

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: பையனுக்கு வயது 10, எடை கொஞ்சம் அதிகம். ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 13 நானோகிராம் என்று வந்தது. தினமும் வெயிலில் ஆடுகிற பிள்ளைக்கு இது எப்படி என்று கேட்டிருந்தேன்.

வைட்டமின் டி மருந்து கொடுத்த பிறகு எடுத்த பரிசோதனையில் இப்போது 24. போதுமானது என்று பொதுவாகச் சொல்லப்படும் 20-ஐத் தாண்டியாயிற்று.

காரணத்தை மருத்துவர் விளக்கினார். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். உடலில் கொழுப்பு அதிகமென்றால் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடும். ரத்தத்தில் குறைவாகத்தான் தெரியும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் எல்லோருக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிர் (வெயிலில் இருப்பது, தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது) கொடுத்தார்கள். பருமனான பெரியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி கூடியது மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவு. தோல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது!

"அப்போ மருந்து கொடுத்தால் எடை இறங்குமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப்படி எதிர்பார்க்க வேண்டாம். 2013-இல் வந்த பெரிய மரபணு ஆய்வின்படி, எடை கூடினால் வைட்டமின் டி குறைகிறது. தலைகீழாக நடப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பையனின் எடையும் அசையவில்லை. அது தனி வேலை, அதையும் ஆரம்பித்திருக்கிறோம்.

அப்புறம், பருமனான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு மருந்து தேவைப்படலாம் என்பது உண்மைதான். அதற்காக நீங்களாகவே அளவைக் கூட்டிவிடாதீர்கள். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். எங்களுக்கு இப்போது அளவைக் குறைத்துத் தொடரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.