சென்டர்பின் ரீல் மேல் ஏன் இவ்வளவு பிரியம்?

தக்கைப்பிரியன்:
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். நான் ஆற்றில் தக்கை போட்டு மீன் பிடிக்கிறவன், பெரும்பாலும் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் டிரென்ட் ஆற்றில். கையில் இருப்பது சாதாரண ஸ்பின்னிங் ரீல், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கரையில் பார்க்கிற மூத்தவர்கள் பலர், இப்போது இளவயதுக்காரர்கள் சிலரும்கூட, சென்டர்பின்னைத்தான் வைத்திருக்கிறார்கள். பல்சக்கரம் கிடையாது, நரம்பை (தூண்டில் நூலை) வழிநடத்திச் சுற்றும் பெயில் கம்பி கிடையாது, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பு சுற்றியிருக்கும் டிரம்மும் ஒரே சுற்றுதான், தூரமாக வீசவும் லேசில் வராது. ஏன் இது என்று கேட்டால், "பிடித்துப் பார், அப்புறம் கீழே வைக்க மாட்டாய்" என்கிறார்கள். இது பழைய பொருள் மேல் உள்ள ஆசைதானா, இல்லை மீன்பிடிப்பில் கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா? வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீரோட்டம்:
கிடைக்கிறது தம்பி, அதுவும் நீங்கள் செய்கிற வேலையில்தான் அதிகமாகக் கிடைக்கிறது.

ஆற்றில் மேல்நீர் ஓடுகிற வேகத்தில் அடிநீர் ஓடாது. தரையோடு உராய்ந்து, கல்லிலும் பாசியிலும் தட்டி, அடியில் வேகம் குறைந்துவிடும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது மேல்நீரோடு ஓடி, அடியில் இருக்கிற இரையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் மற்ற தீனியெல்லாம் மெதுவாக உருண்டு வரும்போது நம் புழு மட்டும் விரைந்தால், பார்பெல், சப் போன்ற ஆற்று மீன் எதுவும் அதை நம்பாது. அதனால் தக்கையைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். ஸ்பின்னிங் ரீலிலும் பெயிலைத் திறந்துவிட்டு விரலால் நரம்பைத் தடுத்து விடலாம், நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் நரம்பு சுருள் சுருளாக, விட்டு விட்டுத்தான் வெளியே வரும், தக்கை ஒவ்வொரு தடவையும் லேசாகத் துள்ளும்.

சென்டர்பின்னில் டிரம் ஒற்றை அச்சின் மேல் தடையில்லாமல் சுழல்கிறது, தக்கையை இழுக்கிற தண்ணீரே டிரம்மையும் சுற்றிவிடும். கட்டைவிரலை டிரம்மின் விளிம்பில் பட்டும் படாமலும் வையுங்கள். தக்கையின் வேகம் குறையும், இரை அதை முந்திக்கொண்டு போகும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இரை தரையிலிருந்து எழும்பி மீனின் முகத்துக்கு நேராக ஆடும். விரலை எடுத்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். கடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும். தக்கை அமுங்கியதா, விரலை அழுத்திக் கோலைத் தூக்கினால் போதும், பெயிலை மூட வேண்டியதில்லை.

மீன் மாட்டிய பிறகு, நரம்பை இறுக்கி விட்டுக்கொடுக்கிற டிராக் கிடையாது, விரல்தான் பிரேக். பெரிய பார்பெல் ஓட்டத்தோடு கீழே பாயும்போது டிரம் விரலுக்கடியில் சூடாவதே தெரியும், அது திரும்புகிற நொடியும் தெரியும். அந்த மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும் கவனம், கைப்பிடி சுழன்று வந்து விரல் மூட்டில் அடிக்கும், விளிம்பைத் தவிர வேறு எங்கும் கை போகக் கூடாது.

பழைய ரீல்:
பழைய பொருள் மேல் ஆசை இருந்தால்தான் என்ன? நீங்கள் நிற்கிற ஆற்றங்கரைதான் இதன் சொந்த ஊர். டிரென்ட்டில் தக்கையை ஓட்டத்தோடு நீளமாக விட்டுப் பிடிக்கிற முறைக்கே நாட்டிங்ஹாம் முறை என்றுதான் பெயர், 19ஆம் நூற்றாண்டில் அதற்காகச் செய்த மர ரீல்களும் நாட்டிங்ஹாம் ரீல் என்றே அழைக்கப்பட்டன. 1890களில் அந்த ஊர்க்காரர் ஹென்றி காக்ஸன் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பிகளை வைத்து டிரம்மின் எடையைக் குறைத்தார். ரெடிட்ச் ஊரின் ஆல்காக் நிறுவனம் அதை ஏரியல் என்ற பெயரில் விற்றது. எடை குறைவதால் என்ன லாபம் என்றால், சின்னத் தக்கையின் இழுப்புக்கே டிரம் நகர ஆரம்பித்துவிடும், நிறுத்தினால் உடனே நிற்கும். இன்றைக்கும் நல்ல ரீல் செய்கிறவர்கள் துரத்துவது இந்த ஒரு குணத்தைத்தான்.

இல்லிங்வொர்த் நிலையான ஸ்பூல் ரீலுக்குக் காப்புரிமை வாங்கியது 1905இல். நீங்கள் வைத்திருக்கும் ரீல் அந்த வம்சம். தூரம் வீசுவது அதனால் எல்லாருக்கும் எளிதாகிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டத்தில் தக்கையை நடத்துகிற வேலைக்கு அதைவிட நல்ல கருவி அதற்கு முன்பே கையில் இருந்தது என்பது என் எண்ணம்.

வடக்குக்கரை:
மேலே சொன்னதற்கு ஒரு சாட்சி: கனடாவில் கிரேட் லேக்ஸ் என்ற பெரிய ஏரிகளில் வந்து விழும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் பலர் 13 அடிக் கோலில் சென்டர்பின் மாட்டித்தான் நிற்கிறார்கள். அங்கே இது பாட்டன் காலத்துச் சொத்து இல்லை, வேலை நடக்கிறது என்பதற்காக எடுத்துக்கொண்டது.

ஆனால் தக்கைப்பிரியன், இது எல்லா இடத்துக்கும் ஆகாது. ஏரியில் தூரமாக எறிய வேண்டும், அகலமான ஆற்றின் எதிர்க்கரையை எட்ட வேண்டும், எதிர்க்காற்று அடிக்கிறது என்றால் ஸ்பின்னிங் ரீலையே எடுங்கள். வீசுவதும் பழக வேண்டிய வித்தை. நாட்டிங்ஹாம்காரர் வாலிஸின் பெயரால் வழங்கும் வாலிஸ் வீச்சில் ஒரு கை கோலை வீசும்போது மறு கை நரம்பை இழுத்து டிரம்மைச் சுழல வைக்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல்தான். ஆரம்பத்தில் அது வேண்டாம். கோலின் வளையங்களுக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் நரம்பை இழுத்து விரலில் பிடித்துக்கொண்டு, தக்கையைக் கையடிவாட்டில் ஊஞ்சல் ஆட்டி விட்டாலே கரையோர ஓட்டத்துக்கு வேண்டிய தூரம் கிடைக்கும், மிச்சத்தை ஆறு எடுத்துக்கொண்டு போகும். திரும்பச் சுற்றும்போது பொறுமை வேண்டும், 4 அங்குல டிரம்மில் ஒரு சுற்றுக்கு ஒரு அடி நரம்புகூட வராது. அதனால்தான் பழகியவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டு விளிம்பை விரல்களால் தட்டித் தட்டிச் சுழற்றுகிறார்கள்.

தக்கைப்பிரியன்:
மிக்க நன்றி, தக்கையைப் பிடித்து விடுகிற விஷயம் நன்றாகப் புரிந்தது, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். அச்சில் குண்டு பேரிங் வைத்ததா, வெறும் வளையமான புஷ் வைத்ததா? பழையதை வாங்கலாமா?

நீரோட்டம்:
பேரிங்கா புஷ்ஷா என்ற சண்டை ஓயாது. மேசையில் வைத்துத் தட்டி எத்தனை நிமிடம் சுற்றுகிறது என்று காட்டுவார்கள், அதைப் பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு சின்ன இழுப்பில் சுற்ற ஆரம்பிக்கிறது என்பதுதான் விஷயம். நரம்பின் நுனியில் ஓரிரு சின்ன ஈயக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள், டிரம் தானாக நகர்ந்தால் நல்ல ரீல். நன்றாகச் செய்த புஷ் ரீல் இதில் பேரிங்குக்குச் சளைக்காது, முதல் ரீல் என்றால் பராமரிப்பு குறைந்த பேரிங்கே போதும் என்பேன்.

பழையது தாராளமாக வாங்கலாம், யங் நிறுவனத்தின் ரேப்பிடெக்ஸ், ட்ரூடெக்ஸ் எல்லாம் இன்றும் புழங்குகின்றன. டிரம்மைக் கழற்றி அச்சு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிச் சுழற்றும்போது விளிம்பு ஆடக் கூடாது. டிரம்முக்கும் பின்தட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம் இருந்தால் நரம்பு உள்ளே போய்ச் சிக்கும், அந்த ரீலை விட்டுவிடுங்கள். அச்சுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும், கிரீஸ் வைத்தால் டிரம் மந்தமாகிவிடும்.

நரம்பு மிதக்கிற வகையாக, 4 முதல் 6 பவுண்டு, 100 கெஜத்துக்கு மேல் வேண்டாம். நிறையச் சுற்றினால் மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்து தக்கை குலுங்கும்.

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அங்கே ஆறுகளில் மீன் பிடிக்கத் தடை அல்லவா, அந்த நாட்களில் முள் இல்லாமல் தக்கையை மட்டும் கட்டிப் புல்தரையில் வீசிப் பழகுங்கள். ஜூன் 16 அன்று கரையில் இறங்கும்போது நரம்பைப் பற்றி யோசிக்காமல் தக்கையை மட்டும் பார்க்க முடியும்.