பாசி எடுக்கும் அக்காவின் பதிலை எந்த வகையில் சேர்ப்பது?

வணக்கம். புயல் எச்சரிக்கைச் செய்தியை மீனவர் வீடுகளில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஊர்களில் இரண்டு மாதமாகக் கேட்டு வருகிறேன். வகைப்படுத்தும் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில், சந்தை ஆய்வில் வீடுகளை வசதிவாரியாகப் பிரிக்கும் என்சிசிஎஸ் (NCCS) முறையைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் செலவுக்கு அதிகம் சம்பாதித்துத் தருபவரின் படிப்பு, 11 பொருள்களில் வீட்டில் இருப்பவை எத்தனை, இவற்றை வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 நிலைகள். அந்தப் பட்டியலில் விவசாய நிலம் உண்டு, படகு கிடையாது! சொந்த விசைப்படகு வைத்திருப்பவரும் அதில் கூலிக்குப் போகிறவரும் ஒரே நிலையில் வந்து நிற்கிறார்கள். அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்ன மூன்று வாசிப்புகள், அதாவது ஊடகச் செய்தியை மக்கள் எடுத்துக்கொள்ளும் விதங்கள்: அப்படியே ஏற்பது, தன் நிலைமைக்கேற்பப் பாதி ஏற்பது, எதிர்ப்பது. இதில் பெரும்பாலானோர் அடங்கிவிட்டார்கள். ஆனால் கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா, செய்தி சரிதான், நம்புகிறேன் என்கிறார்; அன்று காலையே கடலில் இறங்கியும் இருக்கிறார். போகாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. என் ஆய்வு வழிகாட்டி இதை எதிர்ப்பு என்கிறார். செய்தியை அந்த அக்கா ஓரிடத்திலும் மறுக்கவில்லையே, எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம்பியும் மீறுகிற இந்தப் பதிலை நீங்கள் மூன்றில் எதில் சேர்ப்பீர்கள்?