அயன், கால்சியம், பி12, டி: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விழுங்கலாமா?

மலர்_ஜெலுத்தோங்:
அம்மாவுக்கு 61 வயது. சைவம், பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. இனிப்பு நீருக்குப் பல வருஷமாக மெட்ஃபோர்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரஸோல் எடுக்கிறார். போன மாதம் ஹீமோகுளோபின் 10.1, குறைவுதான். கிளினிக்கில் ஃபெரஸ் ஃபியூமரேட் (அயன், அதாவது இரும்பு மாத்திரை) 200 மி.கி., ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். இதோடு ஃபார்மசியில் வாங்கின கால்சியம் கார்பனேட், வைட்டமின் டி, ‘நரம்பு வைட்டமின்’. அத்தனையையும் பசியாறின கையோடு தே தாரிக் (பால் தேநீர்) குடித்தே விழுங்கிவிடுகிறார். பாதம் மரத்துப்போகுது என்கிறார். நேரம் பிரித்துக் கொடுக்கணுமா? முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று சாப்பாட்டிலேயே சரிக்கட்ட முடியாதா?

செந்தூல்_மருந்தாளர்:
கட்டாயம் பிரிக்கணும். அந்த அயன் மாத்திரை ஒன்றில் இரும்பு மட்டும் 65 மி.கி. அளவுக்கு இருக்கு. ஆனால் தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கால்சியமும் அதன் வழியை மறிக்கும். இப்போதைய முறையில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும்.

காலை 11 மணிக்கு அயனைக் கொடுங்கள். பசியாறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கும் இடைவெளி இருக்கும். கூடவே நாலைந்து துண்டு கொய்யா, அல்லது சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீர். வைட்டமின் சி இரும்பை உடம்பு ஏற்கும் வடிவத்தில் வைத்திருக்கும். தே, கோப்பி எதுவானாலும் ஒரு மணி நேரம் தள்ளி. வயிறு புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே எடுக்கட்டும். மாத்திரையை அடியோடு நிறுத்துவதைவிட அது மேல்.

ஒரு வேளை அயன் எடுத்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். ஏறக்குறைய ஒரு நாளைக்கு அடுத்த மாத்திரையின் இரும்பைக் குடல் சரியாக உள்ளே விடாது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும் வழக்கத்தில் இருக்கு. மலச்சிக்கல் இருந்தால் இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஒமெப்ரஸோல் அதைத்தான் குறைக்கிறது. எனவே சாப்பாட்டோடுதான் எடுக்கணும், அல்லது கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாம். வைட்டமின் டி எண்ணெய்ச் சத்தோடு சேர்ந்தால்தான் நன்றாக ஏறும், அதை மதியச் சாப்பாட்டோடு வையுங்கள். கால்சியத்தை இரவுக்கு. தைராய்டு மாத்திரையும் எடுக்கிறவர்கள் அதற்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம் விடணும்.

ரத்தப்பரிசோதனை_கேஎல்:
நேரத்தைவிட எனக்கு அந்தப் பாத மரப்புத்தான் உறுத்துது. சைவம், மெட்ஃபோர்மின், ஒமெப்ரஸோல் மூன்றுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. இந்த நிலையில் பி12 அளவைப் பார்க்காமல் 5 மி.கி. ஃபோலிக் ஆசிட் மட்டும் போய்க்கொண்டிருந்தால் ஹீமோகுளோபின் ஏறும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவோம், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். இனிப்பு நீராலும் பாதம் மரக்கும் என்பதால் பழியை அதன்மேல் போட்டுவிடுவதும் நடக்கும்.

ரிப்போர்ட்டில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்டிடபிள்யூ (அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது) எவ்வளவு? ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்தார்களா? ‘நரம்பு வைட்டமின்’ அட்டையில் பி6 எத்தனை மி.கி.?

மலர்_ஜெலுத்தோங்:
எம்சிவி 88, ஆர்டிடபிள்யூ 18. ஃபெரிட்டின், பி12 இரண்டும் பார்க்கவில்லை. அட்டையில் பி1 100, பி6 200 மி.கி., பி12 200 மைக்ரோகிராம், தினம் இரண்டு.

ரத்தப்பரிசோதனை_கேஎல்:
88 பார்க்க அழகான எண், ஆனால் ஏமாற்றும். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். ஆர்டிடபிள்யூ 18 என்றால் அணுக்கள் ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம். கலப்புக் குறைபாடாக இருக்கலாம். ஃபெரிட்டினும் பி12-உம் பார்த்தால்தான் உறுதி. லிட்டருக்கு 150 பிக்கோமோலுக்குக் கீழே போனால் பி12 குறைவு. ஊசியோ கூடுதல் மாத்திரையோ தொடங்கும் முன் ரத்தம் எடுப்பது நல்லது. ஏற்கெனவே பி12 உள்ள மாத்திரை எடுப்பதால் எண் கொஞ்சம் உயர்ந்தும் காட்டலாம், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பி6 தினம் 400 மி.கி. ஆகிறது! அவர் வயதுப் பெண்ணுக்குத் தேவை 1.5 மி.கி. தான். இவ்வளவு பி6 மாதக்கணக்கில் போனால் அதுவே கால் மரப்பைக் கொண்டுவரும். மரப்புக்காக வாங்கின மாத்திரையே மரப்பைக் கூட்டும் கதை இது. அட்டையை டாக்டரிடம் காட்டி, இதைத் தொடரத்தான் வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மாதவிடாய் நின்ற வயதில் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்கணும். அயனால் மலம் கறுப்பது சாதாரணம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்தது, இரும்புக் குறைவு எச்பிஏ1சி-யை (இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி) கூட்டிக் காட்டலாம். இனிப்பு ஏறிவிட்டது என்று மாத்திரை கூட்டும் முன் வீட்டில் ஊசி குத்திப் பார்க்கும் எண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: எம்சிவி 70-க்குப் பக்கத்தில், ஃபெரிட்டின் சரியாக இருந்தால் அவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கடத்தியாக இருக்கலாம். மலேசியாவில் அது அபூர்வமில்லை. அவர்களுக்கு அயன் மாத்திரையால் பலன் இல்லை.

பட்டர்வொர்த்_உணவியல்:
சாப்பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 10-ல் இருக்கும்போது கீரையை நம்பி மாத்திரையை விட முடியாது. உணவு, ஏறினதை இறங்காமல் காக்கும்.

முருங்கைக்கீரை நல்லது. பருப்போடு சமைத்து, இறக்கின பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதித்தால் வைட்டமின் சி போய்விடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவு கால்சியம் இருந்தாலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிவைக்கும். முளைகட்டி அரைத்தாலோ மாவைப் புளிக்க வைத்துத் தோசை சுட்டாலோ அந்தக் கட்டு தளரும். பசலையின் கால்சியத்தில் உடம்பில் சேர்வது ஐந்து சதவீதம் போலத்தான், பாலில் முப்பது. கால்சியம் உப்புப் போட்டு உறைய வைத்த தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி) சைவக்காரர்களுக்கு நல்ல வழி.

பி12-க்கு செடி கொடியை நம்பாதீர்கள். தெம்பேயிலும் (புளிக்க வைத்த சோயா) ஸ்பிருலினாவிலும் (பாசித் தூள்) இருக்கு என்று வாட்சாப்பில் வரும். தெம்பேயில் அளவு நிலையாக இருக்காது, ஸ்பிருலினாவில் இருப்பதில் பெரும்பாலும் உடம்புக்கு உதவாத வகை. ஒரு தம்ளர் பாலில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், நாள் தேவை 2.4. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாயூர் மானிஸ் கீரையைச் சமைத்தே சாப்பிடுங்கள். தைவானில் 1990-களில் எடை குறைக்க அதைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனது.

செந்தூல்_மருந்தாளர்:
வாங்கும் டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மலேசியப் பதிவு எண்ணைப் பாருங்கள். எட்டு எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்து ‘என்’ (N) என்றால் சத்து மாத்திரை, ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரணும். வேறு பெயர் வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ வாங்காதீர்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அயன் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளை ஒரு கை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.