வளைகுடா ஆறு நாடும் ஒரே சுங்க ஒன்றியம் என்றால், சவுதி எல்லையில் மறுபடி டூட்டி ஏன்?

பண்ருட்டி முந்திரி:

வணக்கம். 20 அடி கன்டெய்னர் ஒன்று, டபிள்யூ 320 ரக முந்திரிப் பருப்பு, 700 பெட்டி (பெட்டிக்கு 22.68 கிலோ, மொத்தம் 15.876 டன்) துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குப் போக இருக்கிறது. வாங்குகிறவர் 400 பெட்டியைத் துபாயிலேயே விற்றுவிட்டு, மீதி 300 பெட்டியை லாரியில் தம்மாமுக்கு அனுப்பப் போகிறாராம். "சவுதி எல்லையில் ரெண்டாவது தடவை டூட்டி கட்டணும், அதனால விலையைக் குறைங்க" என்கிறார்.

ஜி.சி.சி. (வளைகுடா ஒத்துழைப்பு மன்றம்) நாடுகளான சவுதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான் ஆறும் 2003லேயே சுங்க ஒன்றியம் ஆகிவிட்டன, நுழைகிற இடத்தில் ஒரு தடவை கட்டினால் போதும் என்றுதான் நான் படித்தது. இவர் சொல்வது நிஜமா, விலையடிக்கிற வேலையா? அமீரகத்தோடு நமக்கு இருக்கும் செபா என்ற வரிச்சலுகை வணிக ஒப்பந்தம் இதில் எங்கே வருகிறது?

ஓ.டி. கிளியரிங் (கடலூர்):

பாதி நிஜம் சார். சூட்சுமம் அந்த "ரெண்டாவது தடவை" என்ற வார்த்தையில் இருக்கிறது. சரக்கு எந்தக் கணக்கில் அமீரகத்துக்குள் வருகிறது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

ஃப்ரீ சோன் கிடங்கிலேயே கிடந்து அங்கிருந்து லாரி ஏறினால், அமீரகத்துக்கு ஒரு திர்ஹம்கூட டூட்டி போயிருக்காது. சுங்கக் கணக்கில் ஃப்ரீ சோன் வெளிநாடு மாதிரி. சவுதியில் கட்டுவதுதான் முதல் தடவை.

சோனை விட்டு உள்ளே எடுத்து, செபா சான்றிதழைக் காட்டிச் சலுகை வாங்கினாலும் அதே கதைதான். 2022 மே 1 முதல் அமலில் இருக்கும் அந்தச் சலுகை அமீரகம் கொடுத்தது; சவுதி அதில் கையெழுத்துப் போடவில்லை. சரக்கு அமீரக எல்லையான க்வைஃபாத் தாண்டி சவுதிப் பக்கத்துப் பத்தா செக்போஸ்டுக்கு வந்ததும் சவுதி தன் வீதத்தை வசூலிக்கும்.

சலுகை எதுவும் கேட்காமல் முழு டூட்டியும் கட்டி உள்ளே எடுத்த சரக்கு என்றால்தான் நீங்கள் படித்தது பொருந்தும். அதற்கு மகாஸா என்று ஓர் ஏற்பாடு, கணக்கு நேர் செய்வது. முதல் நாடு வசூலித்த டூட்டி, சரக்கு கடைசியாகப் போய்ச் சேரும் நாட்டின் கணக்குக்கு மாறும். வியாபாரி மறுபடி கட்ட வேண்டாம். துபாயை விட்டுக் கிளம்பும்போதே மகாஸா என்று குறித்து டிக்ளரேஷன் போட்டு, பழைய இறக்குமதி டிக்ளரேஷன் எண்ணையும் காட்டவேண்டும். கோட்டை விடுவது இங்கேதான். அவசரத்தில் சாதாரண ஏற்றுமதி டிக்ளரேஷன் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் டின்னை உடைத்து ஒரு கிலோ பவுச்சாக்கிவிட்டு அனுப்புவார்கள். பழைய டிக்ளரேஷனில் இருக்கும் பெட்டிக் கணக்கோடு லாரியில் இருக்கும் சரக்கு ஒட்டாது. அப்போது நிஜமாகவே இரண்டு தடவை விழும். அது அவருடைய முகவர் செய்யும் பிழை, உங்கள் விலையில் கழிக்கிற சமாச்சாரம் இல்லை.

இன்னொன்று, வாட்டையும் டூட்டியையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பேச்சுக்கு 1,00,000 ரியால் சரக்கு, டூட்டி 5% என்று வைத்துக்கொண்டால் 5,000. சவுதி வாட் 15%, அது டூட்டியையும் சேர்த்த 1,05,000 மேல் விழும்: 15,750. ஆக எல்லையில் 20,750 கேட்பார்கள். வாட் பதிவு உள்ள இறக்குமதியாளர் அந்த 15,750ஐ இன்புட்டாக, அதாவது தன் விற்பனை வாட்டில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்வார். கொஞ்ச நாள் பணம் முடங்கும், அவ்வளவுதான்.

புதுவைப் பொருளியல்:

கிளியரிங் அண்ணன் சொன்னது நடைமுறை. அந்த ஓட்டைகள் எப்படி விழுந்தன என்பது வேறு கதை.

2003இல் வெளியிலிருந்து வரும் பெரும்பாலான சரக்குக்கு ஆறு நாட்டிலும் 5% என்று ஒரே வீதம் வைத்தார்கள். சுங்க ஒன்றியத்தின் உயிரே அந்த ஒரே வீதம்தான். 2004இல் பஹ்ரைன் தனியாகப் போய் அமெரிக்காவோடு தடையிலா வணிக ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கச் சரக்கு பஹ்ரைனில் வரியில்லாமல் இறங்கி, 25 கிலோமீட்டர் பாலம் தாண்டி எங்கள் சந்தைக்கு வந்துவிடுமே என்று சவுதி வெளிப்படையாகவே கோபப்பட்டது. ஆனாலும் 2006இல் அது அமலுக்கு வந்தது. ஓமானும் அதே வழியில் போய் 2009இல் தன்னுடையதை அமலாக்கியது. நம்முடைய செபா அந்த வரிசையில் இன்னொன்று.

அடுத்த அடி சவுதியிடமிருந்தே வந்தது. எண்ணெய் விலை விழுந்திருந்த 2020 ஜூனில் பல சரக்குகளுக்கு டூட்டியைத் தன்னிச்சையாக ஏற்றியது. 2021 ஜூலையில், அண்டை நாட்டு ஃப்ரீ சோனில் செய்த பொருளை வளைகுடாப் பொருளாக ஏற்க மாட்டோம் என்றது. சோனுக்கு வெளியே செய்திருந்தாலும் ஆலையில் உள்ளூர்த் தொழிலாளர் 25%, மதிப்புக் கூட்டல் 40% என்று அளவுகோல் வைத்தது. பெயர் சொல்லாவிட்டாலும் குறி துபாய்தான். உங்கள் வாங்குநர் ஜெபல் அலி சோனில் முந்திரியை வறுத்து உப்புப் போட்டு, 'அமீரகத் தயாரிப்பு' என்று லேபிள் ஒட்டி அனுப்ப நினைத்தால் அதுவும் பலிக்காது.

ஆறு நாட்டுக்கும் பொது நாணயம் என்ற திட்டமும் இப்படித்தான் போனது. 2010 இலக்கு. 2006இல் ஓமான் விலகியது. 2007 மேயில் குவைத் தினாரை டாலர் பிடியிலிருந்து கழற்றியது. மத்திய வங்கி ரியாத்தில்தான் என்று முடிவானதும் 2009 மேயில் அமீரகம் வெளியேறிவிட்டது. ஆறு பேரும் விற்பது எண்ணெய், எரிவாயு. அதைத் தாண்டி ஆரம்பிப்பதும் ஒன்றேதான்: துறைமுகம், விமானம், அலுமினியம், பெட்ரோகெமிக்கல். ஒரே தெருவில் ஆறு முந்திரிக் கடை இருந்தால் ஒருவர் கடையில் இன்னொருவர் என்ன வாங்கப் போகிறார்?

கோரிமேடு:

எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் கூட்டமைப்பு ஒபெக்ல எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்காங்க? அங்க ஒத்துப்போறவங்க இங்க ஏன் அடிச்சுக்கணும்?

புதுவைப் பொருளியல்:

இல்லை தம்பி. ஓமானும் பஹ்ரைனும் ஒபெக்கில் எப்போதுமே உறுப்பினர் இல்லை. கத்தார் 2019 ஜனவரி 1 அன்று விலகிவிட்டது. அதோடு ஒபெக் பேசுவது எவ்வளவு உற்பத்தி என்பதைப் பற்றி. எல்லையில் லாரியை எப்படி விடுவது என்பது அதன் வேலையே இல்லை.

நெய்வேலி டர்பைன்:

எல்லாமே தோல்வி மாதிரி எழுதிட்டீங்க சார். கம்பியும் குழாயும் போட்ட இடத்தில் கூட்டு நன்றாகவே ஓடுகிறது.

ஜி.சி.சி. மின் இணைப்பைப் பாருங்கள். 2001இல் இதற்கென்றே ஓர் ஆணையம், தலைமையகம் தம்மாம். 2009இல் குவைத், சவுதி, பஹ்ரைன், கத்தார் 400 கிலோவோல்ட்டில் சேர்ந்தன, அமீரகம் 2011இல். சிக்கல் சவுதிதான்: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 சுழற்சி), மற்ற ஐந்திலும் 50. நம்ம நெய்வேலி டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று. 60 ஹெர்ட்ஸில் அதே இரு துருவ ஜெனரேட்டர் 3,600 சுற்றவேண்டும். இரண்டையும் நேராகக் கோர்க்கவே முடியாது. அதனால் சவுதியில் அல் ஃபாதிலி என்ற இடத்தில் ஒரே வளாகத்துக்குள் ஏ.சி.யை டி.சி. ஆக்கி, மறுபடி மற்ற ஹெர்ட்ஸில் ஏ.சி. ஆக்குகிறார்கள். 600 மெகாவாட் வீதம் மூன்று, மொத்தம் 1,800. நம்ம தெற்கு கிரிட்டும் 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் சேரும்வரை பத்ராவதி, கஜுவாக்காவில் இதே மாதிரி நிலையங்கள் வழியாகவும், தால்ச்சர்–கோலார் டி.சி. லைன் வழியாகவும்தான் மற்ற கிரிட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் அது நிலையாக நிற்காமல் இரு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும்.

பெரிய மின் உற்பத்தி யூனிட் ஒன்று திடீரென்று நின்றுபோனால் பக்கத்து நாட்டுக் கையிருப்பு மின்சாரம் உடனே பாயும். ஒவ்வொருவரும் தனித்தனியாக அவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டாம். 2017 ஜூனிலிருந்து 2021 ஜனவரி வரை கத்தாரை நான்கு நாடு விலக்கி வைத்திருந்தபோதும் இந்த இணைப்பைத் துண்டிக்கவில்லை. கத்தாரிலிருந்து கடலடியில் அமீரகம் போகும் டால்ஃபின் குழாயிலும் நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி எரிவாயு போய்க்கொண்டே இருந்தது. விமானத்துக்கு வான்வெளி கிடையாது, எரிவாயு மட்டும் வரலாம்!

ஆனால் மின்சாரத்தைச் சந்தையாக விற்பது பெரிதாக வளரவில்லை. எல்லோருக்கும் உச்சத் தேவை அதே கோடையில், அதே பிற்பகலில். எரிபொருளும் மானிய விலை, யூனிட் விலை உண்மையைச் சொல்லாது.

புதுவைப் பொருளியல்:

குழாய் வாதம் சரி, ஆனால் முழுக்க இல்லை. சவுதியும் குவைத்தும் பாதிப் பாதியாகப் பங்கிடும் நடுநிலப் பகுதியில் கஃப்ஜி வயல் 2014 அக்டோபரிலும், வஃப்ரா 2015 மேயிலும் நின்றன. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 5 லட்சம் பீப்பாய் தரக்கூடியவை. உடன்பாடு வந்தது 2019 டிசம்பரில்தான். எண்ணெய் தரைக்குள் கூட்டாக இருந்தும் ஐந்து வருஷம் சும்மா கிடந்தது.

பண்ருட்டி முந்திரி:

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன், செபா சலுகையில் 700 பெட்டியையும் உள்ளே எடுப்பாராம். அப்படியென்றால் சவுதியில் கட்டுவது முதல் தடவைதான், சரியா? நான் என்ன செய்யலாம்?

ஓ.டி. கிளியரிங் (கடலூர்):

சரிதான். விலைப் பேச்சு எந்த முறையில் என்று பாருங்கள். சி.ஐ.எஃப். ஜெபல் அலி (அந்தத் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) என்றால் அதற்கப்பால் டூட்டி முழுக்க வாங்குகிறவர் பொறுப்பு. டி.டி.பி. (டூட்டியும் கட்டி ஒப்படைக்கும் விலை) போட்டிருந்தால்தான் உங்கள் தலையில் விழும்.

செபா சான்றிதழ் எடுக்குமுன் கொட்டை நம்ம பக்கத்துத் தோப்புடையதா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா என்று பிரித்து வையுங்கள். சுங்கக் குறியீட்டில் இறக்குமதிக் கொட்டை 0801.31, பருப்பு 0801.32, மாறுவது துணைத் தலைப்பு மட்டும். செபாவின் பொருள்வாரி விதி அதை ஏற்கிறதா என்று பார்க்காமல் டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வணிக இயக்குநரகம்) தளத்தில் விண்ணப்பிக்காதீர்கள். பிற்பாடு அங்கே சரிபார்ப்புக் கேட்டு வந்தால் இங்கே பில் தேடவேண்டி வரும்.

300 பெட்டி 6,804 கிலோ. இதைத் தனி பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) போட்டு நேரே தம்மாமுக்கு அனுப்பலாம், ஆனால் பகிர்வு கன்டெய்னரில் வேண்டாம். பக்கத்தில் மசாலாவோ சோப்போ இருந்தால் பருப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். தம்மாமுக்கே 700 பெட்டி ஆர்டர் சேரும்வரை பொறுப்பது நல்லது. சவுதியில் சில்லறைப் பாக்கெட்டாக விற்பதென்றால் அரபி லேபிளில் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் இங்கேயே அச்சாகியிருக்கட்டும்.