ஸ்பிளிண்ட்: முறிவுக்கட்டா, பத்தையா, சிம்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கை கால் முறிந்தவரை மருத்துவமனை சேர்க்கும்வரை என்ன செய்வது என்ற கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ஸ்பிளிண்ட் (முறிந்த உறுப்பை ஆடாமல் தாங்க வைப்பது) = முறிவுக்கட்டு, காம்பவுண்ட் பிராக்சர் (முறிவோடு தோலிலும் புண் இருப்பது) = கூட்டு முறிவு, ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தாங்கும் துணி) = தொங்கல் கட்டு என்று எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

*

> ஸ்பிளிண்ட் = முறிவுக்கட்டு

ஐயா, இந்தச் சொல் வேண்டாம் என்பேன். 'கட்டு' என்று படித்தவுடன் கை தானாக இறுக்கும். வழியில் நடக்கும் கேடுகளில் பல அந்த இறுக்கத்தால்தான். முறிந்த இடம் மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகும். கட்டும்போது அளவாக இருந்தது அரை மணியில் சுருக்குக் கயிறாகிவிடும். முன்கையிலும் கெண்டைக்காலிலும் தசைகள் நெகிழாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. வீக்கத்துக்கு வெளியே போக வழியில்லாமல் உள்ளழுத்தம் ஏறி, தசைக்குள் இரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் அப்படியே கிடந்தால் தசை மீளாது. அப்போதும் மணிக்கட்டில் நாடி துடிக்கலாம், அதை நம்பி ஏமாறக் கூடாது. விரலை மெல்ல நீட்டிவிடும்போது அலறும் அளவுக்கு வலித்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. விரல் கறுப்பது கடைசியில்.

இன்னொரு சிக்கல், நம் மக்களுக்குக் 'கட்டு' என்பது வைத்தியத்தின் பெயர். புத்தூர்க் கட்டு என்றால் எலும்பு கூடும்வரை இருப்பது. நாம் சொல்லவரும் பொருளோ வண்டி போய்ச்சேரும்வரை எலும்பை ஆடாமல் வைத்திருக்கும் ஒரு தாங்கல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கட்டியாகிவிட்டது, காலையில் போகலாம் என்று ஓர் இரவு கழிந்துவிடும்.

சிம்பு என்ற சொல் கையிலேயே இருக்கிறது. மூங்கில் சிம்பு, மரச்சிம்பு என்று பொருளைச் சொல்கிறதே தவிர இறுக்கத்தைச் சொல்வதில்லை. சிம்பு வை, சிம்பைக் கழற்று, சிம்பிடுதல் என வினையும் எளிதாக அமைகிறது.

*

சிம்பு என்றால் இளைஞர்களுக்கு நடிகர் நினைவுதான் வரும், அது போகட்டும். என் தயக்கம் வேறு. கணுக்கால் முறிவுக்குத் தலையணையைச் சுற்றி வைக்கச் சொல்கிறோம். முன்கைக்கு மடித்த செய்தித்தாள், அட்டைப்பெட்டித் துண்டு. காலுக்கு எதுவும் கிடைக்காவிட்டால் நல்ல காலே துணை. இவையெல்லாம் சிம்பா? பத்தை என்றாலும் இதே இடர்தான், மூங்கிலை விட்டு நகராது. 'அசையாத்தாங்கி' என்றால் வேலையைச் சொல்லிவிடுமே?

*

எள்ளின் நெய் எண்ணெயாகி, இன்று தேங்காய்க்கும் அதே பெயர்தானே? தலையணையும் சிம்பாகலாம். அசையாத்தாங்கி விளக்கத்துக்கு நல்லது. ஆனால் அவசரத்தில் 'அந்தச் சிம்பை எடு' என்றுதான் வாயில் வரும். கூட்டுச்சொல்லும் இதில்தான் கட்டலாம்: காற்றுச்சிம்பு, வெற்றிடச்சிம்பு, இழுசிம்பு.

இழுசிம்புக்கு, அதாவது காலை நீள இழுத்துப் பிடிக்கும் சிம்புக்கு, இரண்டு வரி ஒதுக்குங்கள். தொடையெலும்பு முறிந்தால் பெருந்தசைகள் சுருங்கி முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். தொடை குறுகிப் பருக்கும், அந்த இடத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் இரத்தம் வெளியே தெரியாமல் தேங்கும். காலை நீள இழுத்துப் பிடித்தால் தேங்கும் இடம் குறையும், வலியும் தணியும். லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் முழங்கால் மூட்டு நோய்க்காகச் செய்த சிம்பை, அவர் மாணவர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போரில் தொடை முறிவுக்குக் கொண்டுபோனார். தாமஸின் தந்தை பரம்பரை எலும்புகட்டி என்பது நம் விவாதத்துக்குப் பொருத்தமான செய்தி. இடுப்பெலும்போ முழங்காலோ அதே காலின் கீழெலும்போ முறிந்திருந்தால் இழுசிம்பு கூடாது. பயிற்சி இல்லாதவர் இழுக்கவே வேண்டாம்.

கையேட்டில் சிம்புக்கு 'அசையாமல் கட்டவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அடங்கவேண்டும். முன்கை முறிந்தால் முழங்கையும் மணிக்கட்டும் அடங்கும். வளையல், மோதிரம், மெட்டி முதலிலேயே கழற்றவேண்டும், வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க முடியும். முடிச்சு முறிவின்மேல் விழக் கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது, அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிப்போகும். காலோடு காலைக் கட்டும்போது தொடை, முழங்கால், கணுக்கால் இடைவெளிகளில் துணியைத் திணித்து, நல்ல காலை அடிபட்ட கால் பக்கம் நகர்த்துங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். பாதங்களை எட்டு வடிவில் சுற்றி முதலில் கட்டி, பிறகு முழங்கால், அதன்பின் முறிவுக்கு மேலும் கீழும். நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். கட்டும் முன்பும் பின்பும் பாருங்கள், பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு முறை. 108 வண்டி சில நிமிடத்தில் வரும் என்றால் இத்தனையும் தேவையில்லை, கையால் தாங்கிப் பிடித்தாலே போதும்.

> காம்பவுண்ட் பிராக்சர் = கூட்டு முறிவு

இது பாடநூலிலிருந்து வந்த தவறு. இரண்டு மூன்று எலும்பு சேர்ந்து முறிவது என்றே எவரும் நினைப்பார். 'திறந்த முறிவு' என்று வையுங்கள்.

*

திறந்த முறிவு என்றால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட மாட்டார்களா?

*

நினைப்பார்கள், அதனால் விளக்கம் சேர்க்கவேண்டும்: எலும்பு குத்திவிட்டு உள்ளே திரும்பியிருக்கும், மேலே நெல்மணி அளவு புண் மட்டும் தெரியும். கசியும் இரத்தத்தில் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் அது எலும்புக்குள் இருக்கும் மச்சையின் கொழுப்பு, சந்தேகமே வேண்டாம். நீட்டிய எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, சுற்றிலும் வளையம்போல் துணி வைத்து, அழுத்தம் எலும்பின்மேல் விழாமல் கட்டவேண்டும். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து (ஆன்டிபயாடிக்) உடலுக்குள் போய்ச்சேரவேண்டும். ஆகவே புண் இருப்பதை வண்டியில் ஏற்றும்போதே சொல்லவேண்டும். வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதுங்கள், சோடாவோடு ஓடிவருபவர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

*

ஸ்பிளிண்ட் = சிம்பு, திறந்த முறிவு என்று திருத்திவிட்டேன். தொங்கல் கட்டிலும் 'கட்டு' இருக்கிறதே?

*

கைத்தூளி. குழந்தைத் தூளி தெரியாதவர் இல்லை. ஒரு மீட்டர்ச் சதுரத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு தூளி. விரல்நுனி வெளியே தெரியட்டும், உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று மேலே நிற்கட்டும், முடிச்சு காறையெலும்புக் குழியில் விழட்டும், பிடரியில் வேண்டாம். முழங்கை மடங்காதவருக்குத் தூளி போடாமல் கையை நீட்டியபடியே உடம்போடு சேர்த்துக் கட்டவேண்டும்.