பாப் ஸ்மியருக்கு அப்புறம் கால்போஸ்கோபி: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. என் சித்திக்கு வயது 47. போன மாதம் மதுரையில் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை) எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'ஆஸ்கஸ்' என்று வந்திருக்கிறது. கருப்பை வாயில் எடுத்த செல்களில் சில இயல்பாக இல்லை, காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று பொருள். இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சாதாரண அழற்சியாலும் இப்படி வரலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அடுத்து எச்.பி.வி. டெஸ்ட் (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது), அதில் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது.

சித்தியோ ரிப்போர்ட்டை நாலாக மடித்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லடி, வலியா, ரத்தமா, எதுவும் கிடையாது" என்கிறார். ஆரம்ப மாற்றங்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதுதான் என் கவலை. எச்.பி.வி. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். நடுவில் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றிச் சரிசெய்துவிடலாம். இவ்வளவு அவகாசம் இருந்தும் கோட்டை விடலாமா?

கால்போஸ்கோபி செய்துகொண்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வலி எப்படி இருந்தது? மாற்றமுள்ள இடம் தெரிவதற்காக அசிட்டிக் அமிலம் தடவும்போது எரிந்ததா? பயாப்ஸி (சோதனைக்குச் சிறு திசு) எடுத்திருந்தால் மறுநாள் வேலைக்குப் போக முடிந்ததா? மதுரை, திண்டுக்கல் பக்கம் பயந்தவர்களிடம் நிதானமாகப் பேசும் பெண் டாக்டர் யாராவது தெரியுமா? அரசு மருத்துவமனையில் பார்த்தவர்களும் சொல்லுங்கள், செலவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முடிந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். நான் சொன்னால் கேட்காதவர், அனுபவப்பட்ட இன்னொரு பெண் சொன்னால் நிச்சயம் கேட்பார்.